இலண்டன் – சிட்னி: எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

“உலகம் சுருங்கிவிட்டது” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பேச்சுப் போட்டியிலும் கட்டுரைப் போட்டியிலும் நாமும் இதையே பலமுறை சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறோம். ஆனால் உலகம் உண்மையிலேயே சுருங்கிவிட்டதா?

இங்கிலாந்து நாட்டின் இலண்டன் மாநகரிலுள்ள ஹீத்ரோ விமான நிலையத்திற்கும், ஆஸ்திரேலியாவின் சிட்னி விமான நிலையத்திற்கும் இடையேயுள்ள தூரம் ஏறக்குறைய 17,000 கிலோ மீட்டர். நூறு ஆண்டுகளுக்கு முன்பும் இவ்விரு நகரங்களுக்கும் இடையே அதே 17,000 கிலோ மீட்டர்தான் இருந்தது. ஆஸ்திரேலியக் கண்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்கிறதென்று அறிவியலார் கூறுகின்றனர். அப்படியே கணக்கிட்டாலும் நூறு ஆண்டில் 7 மீட்டர்தான். நம் வகுப்பறையின் நீளம்கூட இல்லை!

தூரம் அப்படியே இருக்கிறது. நேரம் மட்டும் குறைந்திருக்கிறது. 1919ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து விமானத்தில் புறப்பட்டவர்கள் ஆஸ்திரேலியாவின் வடகரையை அடையவே 28 நாட்கள் ஆயின. 2019ஆம் ஆண்டில் ஒரு விமானம் இலண்டனிலிருந்து சிட்னிக்கே 19 மணி 19 நிமிடத்தில் பறந்து சேர்ந்தது. இது எப்படி நிகழ்ந்தது? “விமானத்தின் வேகம் கூடிவிட்டது” என்றுதான் நம்மில் பெரும்பாலோர் உடனே விடை சொல்வோம். அது பாதி விடைதான். மீதிப் பாதியை இக்கட்டுரையில் காண்போம்.

தூரத்தை அளப்பது எப்படி?

முதலில் தூரத்தைப் பார்ப்போம். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் இலண்டனையும் சிட்னியையும் அளவுகோலால் இணைத்துக் கோடு போட்டால், அக்கோடு துருக்கி, அரேபியா ஆகியவற்றைக் கடந்து நம் தென்னிந்தியாவின் பக்கமாக வந்து, இந்துமாக்கடலைத் தாண்டி ஆஸ்திரேலியாவை அடையும். இதுவே நேர்வழி என்று கண் சொல்லும். ஆனால் பூமி தட்டையன்று, உருண்டை.

எங்கள் பூகோள வகுப்பில் சகோதரி அவர்கள் ஒரு நூலைக் கொடுத்து, பூகோள உருண்டையில் இலண்டன் மேல் ஒரு முனையையும் சிட்னி மேல் மறு முனையையும் வைத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். தளர்ச்சியில்லாமல் இழுத்தவுடன் நூல் தானாகவே வடக்கே நகர்ந்தது! அது பால்டிக் கடலைக் கடந்து, மாஸ்கோ நகரின் பக்கமாய்ச் சென்று, கசக்ஸ்தான், சீனா, தென் சீனக் கடல், இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியாவுக்குள் இறங்கியது. இந்தியாவை அது தொடவே இல்லை. “தேசப்படம் பொய் சொல்கிறதா, சிஸ்டர்?” என்று ஒரு தோழி கேட்டாள். “பொய் சொல்லவில்லை. ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்து மேசைமேல் தட்டையாக விரித்துப் பார். எங்கேயாவது கிழியும், அல்லது இழுபடும். தேசப்படமும் அப்படித்தான்” என்றார்கள் சகோதரி.

உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய பாதையைப் ‘பெருவட்டப் பாதை’ என்பர். பூமியின் நடுவழியாக வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் ஒரு பகுதி அது. நிலநடுக்கோடும் ஒரு பெருவட்டமே.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பூகோள உருண்டையின் சுற்றளவு ஏறக்குறைய 94 சென்டிமீட்டர். பூமியின் உண்மைச் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோ மீட்டர். ஆகவே, உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது பூமியில் ஏறக்குறைய 425 கிலோ மீட்டர். இலண்டன் – சிட்னி நூலை எடுத்து அளவுகோலில் வைத்தால் 40 சென்டிமீட்டர் வரும். நாற்பதை நானூற்று இருபத்தைந்தால் பெருக்கினால் 17,000!

கணக்கில் ஆர்வமுள்ள தோழியருக்கு இன்னொரு வழியும் உண்டு. ஒரு முழு வட்டம் 360 பாகை. 40,000 கிலோ மீட்டரை 360ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 111 கிலோ மீட்டர். இலண்டனிலிருந்து பூமியின் மையத்திற்கு ஒரு கோடும், சிட்னியிலிருந்து மையத்திற்கு ஒரு கோடும் வரைந்தால் அவற்றின் இடையே உள்ள கோணம் ஏறக்குறைய 153 பாகை. 153 பெருக்கல் 111 என்பது 16,983. இங்கும் ஏறக்குறைய 17,000தான் கிடைக்கிறது. மாலுமிகளும் விமானிகளும் பயன்படுத்தும் ‘கடல் மைல்’ என்னும் அளவும் இதிலிருந்து பிறந்ததே. ஒரு பாகையை அறுபது பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோ மீட்டர்.

பூமியில் ஓரிடத்திலிருந்து மிக மிகத் தொலைவான இடம் என்பதே 20,000 கிலோ மீட்டர்தான். அதைத் தாண்டினால் மறுபுறமாகத் திரும்பி வரத் தொடங்கிவிடுவோம். ஆகவே 17,000 என்பது எவ்வளவு பெரிய தூரம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நேரத்தைக் கணிப்பது எப்படி?

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். இது ஆறாம் வகுப்புக் கணக்கு. இன்றைய பெரிய ஜெட் விமானம், தரைக்கு மேல் பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறக்குறைய 900 கிலோ மீட்டர் வேகத்தில் செல்கிறது. 17,000ஐ 900ஆல் வகுத்தால் 18 மணி 53 நிமிடம். ஆனால் விடை அவ்வளவு சுலபமாக முடிந்துவிடுவதில்லை. மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் விமானத்தின் வேகம் குறைவு. இரண்டு, விமானம் நூல் காட்டும் வழியிலேயே போக முடிவதில்லை. சில நாடுகளின் வான்வெளி மூடப்பட்டிருக்கும். சில இடங்களில் போர் நடக்கும். சில இடங்களில் புயல் இருக்கும். சுற்றிப் போனால் தூரம் கூடும். மூன்று, காற்று. உயரமான வான்பகுதியில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பெருவேகத்துடன் காற்றோட்டம் வீசுகிறது. ஆற்றின் போக்கில் செல்லும் படகு விரைவாகவும், எதிர்த்து வரும் படகு மெதுவாகவும் செல்வது போலவே விமானமும் செல்கிறது. காற்று மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து தள்ளினால் 900 என்பது 1,000 ஆகும். எதிர்த்தால் 800 ஆகும். இதனால்தான் இலண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கு நோக்கிச் செல்லும் பயணத்தைவிட, அங்கிருந்து இலண்டனுக்குத் திரும்பும் பயணத்திற்குப் பொதுவாக நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது.

ஆனால் இம்மூன்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதை அறிய வரலாற்றைப் புரட்ட வேண்டும்.

இருபத்தெட்டு நாட்கள்

முதல் உலகப் போர் முடிந்தவுடன், 1919இல் ஆஸ்திரேலிய அரசு ஒரு பரிசை அறிவித்தது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாட்களுக்குள் விமானத்தில் வந்து சேரும் முதல் ஆஸ்திரேலியருக்கு 10,000 பவுன். ஆறு விமானங்கள் புறப்பட்டன. இரண்டே ஊர் போய்ச் சேர்ந்தன. வழியில் நான்கு பேர் உயிரிழந்தனர்.

வென்றவர்கள் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற உடன்பிறப்புகளும், பென்னட், ஷியர்ஸ் என்ற இரு பொறி வல்லுநர்களும் ஆவர். அவர்களது ‘விக்கர்ஸ் விமி’ விமானத்தில் கூரை கிடையாது. ஐரோப்பாவின் பனிக்காற்று முகத்தில் அறைய, நவம்பர் 12 அன்று இலண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டார்கள். கெய்ரோ, பஸ்ரா, கராச்சி, தில்லி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று இறங்கி இறங்கிச் சென்றார்கள். ஜாவாத் தீவின் சுரபயாவில் விமானத்தின் சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிட்டன. அவ்வூர் மக்கள் தங்கள் மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து தரையில் வரிசையாய் விரிக்க, அப்பாய்களின் மேலேயே விமானம் ஓடி மேலெழுந்தது! டிசம்பர் 10 அன்று ஆஸ்திரேலியாவின் வடமுனையிலுள்ள டார்வின் நகரை அடைந்தார்கள். சிட்னியை அவர்கள் அடைந்தது 1920 பிப்ரவரியில்தான்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். டார்வின் வரையிலான 28 நாட்களில் அவர்கள் வானில் பறந்த நேரம் மொத்தம் ஏறக்குறைய 136 மணி நேரம் மட்டுமே. அதாவது ஆறு நாட்களுக்கும் குறைவு. மீதி இருபத்திரண்டு நாட்களும் தரையில் கழிந்தன. எண்ணெய் நிரப்ப, பொறியைப் பழுது பார்க்க, மழை விடக் காத்திருக்க, இரவில் உறங்க என்றே அந்நாட்கள் போயின. பயணத்தின் நேரத்தைத் தின்றது பறத்தல் அன்று, நிற்றல்!

தனியே பறந்த இரு பெண்கள்

இந்த வானவழியில் துணையின்றிப் பறந்த முதல் பெண்மணி ஏமி ஜான்சன். இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தவர். பட்டப்படிப்பு முடித்து, வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே விமானம் ஓட்டக் கற்றார். ஓட்டினால் மட்டும் போதாதென்று, கைகளில் எண்ணெய்க் கறை படியப் பொறிகளைப் பழுது பார்க்கவும் பயின்று, அதற்கான அரசு உரிமமும் பெற்றார். இங்கிலாந்தில் அவ்வுரிமத்தைப் பெற்ற முதல் பெண் அவரே.

1930ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள், இலண்டனை அடுத்த கிராய்டனிலிருந்து ‘ஜேசன்’ என்று தாம் பெயரிட்ட சிறு விமானத்தில் தன்னந்தனியே புறப்பட்டார். அதற்கு முன் அவர் பறந்த மிக நீண்ட பயணம், இலண்டனிலிருந்து தம் சொந்த ஊரான ஹல் வரையே. ஆறே நாட்களில் கராச்சியை அடைந்தார். அதற்கு முன் எவரும் அவ்வளவு விரைவில் அங்கு வந்ததில்லை. 1928இல் பெர்ட் ஹிங்க்லர் என்பவர் இலண்டனிலிருந்து டார்வினுக்குப் பதினாறு நாட்களுக்குள் தனியே பறந்திருந்தார். அந்தச் சாதனையை வெல்வதே ஏமியின் நோக்கம். ஆனால் ரங்கூனுக்கு அருகே இறங்கும்போது விமானம் பள்ளத்தில் விழுந்து சேதமடைந்தது. பழுது பார்ப்பதிலேயே விலைமதிப்பற்ற நாட்கள் கழிந்தன. மே 24 அன்று டார்வினை அடைந்தபோது இருபது நாட்கள் ஆகிவிட்டன. சாதனையை அவர் வெல்லவில்லை. ஆயினும் அவ்வளவு தூரத்தைத் தனியே கடந்த முதல் பெண் என்று உலகமே அவரை வாழ்த்தியது. இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசேர்க்கும் பணியில் இருந்த அவர், 1941 ஜனவரியில் தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் விழுந்து உயிர் நீத்தார்.

அடுத்தவர் நியூஸிலாந்தைச் சேர்ந்த ஜீன் பேட்டன். இருமுறை முயன்று தோற்று, மூன்றாம் முறையாக 1934இல் புறப்பட்டு, இங்கிலாந்திலிருந்து டார்வினுக்கு 14 நாள் 22 மணி 30 நிமிடத்தில் வந்து சேர்ந்தார். ஏமியைவிட நான்கு நாட்களுக்கும் மேல் குறைவு! 1936இல் அவரே அத்தூரத்தை ஆறு நாட்களுக்குள் கடந்தார்.

நாட்கள் குறைகின்றன

1935ஆம் ஆண்டில் பயணிகளுக்கான முறையான வானவழிப் பயணம் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலிருந்து இலண்டனுக்குப் பன்னிரண்டரை நாட்கள். அதிலும் இத்தாலியிலிருந்து பாரிஸ் வரை இரயில் பயணம்!

இரண்டாம் உலகப் போரில் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. இலண்டனையும் ஆஸ்திரேலியாவையும் இணைத்த வானவழி அறுந்தது. அறுந்த இழையை மீண்டும் முடிய, நம் அண்டை நாடாகிய இலங்கை உதவியது. காலி நகருக்கு அருகேயுள்ள கொக்கல ஏரியிலிருந்து, நீரில் மிதந்து மேலெழும் ‘காட்டலினா’ விமானங்கள், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகருக்கு 1943 ஜூலை முதல் பறந்தன. இடையில் 5,600 கிலோ மீட்டருக்கு மேல் வெறும் கடல். எதிரி கண்டுகொள்வான் என்பதால் வானொலியில் பேசக் கூடாது. விண்மீன்களைப் பார்த்தே வழியறிய வேண்டும். பொதுவாக 27 மணி நேரத்திற்கு மேல் ஆகும். மிக நீண்ட பயணத்திற்கு 32 மணி 9 நிமிடம் ஆயிற்று. ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதைக் காணலாம் என்பதால் இதற்கு ‘இரட்டைச் சூரியோதயப் பயணம்’ என்றே பெயர் வந்தது. எண்ணெயின் பாரம் மிகுதியாக இருந்ததால், இந்த விமானத்தில் பயணம் செய்ய முடிந்தவர்கள் மூவர் மட்டுமே!

போர் முடிந்தபின், 1947 டிசம்பர் முதல் நாள் ‘கான்ஸ்டலேஷன்’ விமானம் 29 பயணிகளுடன் சிட்னியிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று ஆறு இடங்களில் இறங்கி, நான்கு நாட்களில் இலண்டனை அடைந்தது. பறந்த நேரம் 55 மணி. கங்காரு போலத் தாவித் தாவிச் சென்றதால் இவ்வழி ‘கங்காரு வழி’ எனப்பட்டது.

வேகம் மட்டும் போதுமா?

1959இல் ‘போயிங் 707’ என்னும் ஜெட் விமானம் இவ்வழிக்கு வந்தது. அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோ மீட்டர். இன்றைய புத்தம் புதிய விமானத்தின் வேகம் என்ன? அதுவும் ஏறக்குறைய 900தான்! அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பயணிகள் விமானத்தின் வேகம் பெரிதாகக் கூடவில்லை. ஆயினும் பயண நேரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. காரணம், விமானம் இறங்கும் இடங்கள் குறைந்ததே.

இதற்கு ஓர் அருமையான சான்று உண்டு. 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிச் சென்ற ‘கான்கார்டு’ விமானம் ஒலியைப்போல் இரு மடங்கு வேகமுடையது. மணிக்கு ஏறக்குறைய 2,180 கிலோ மீட்டர். அந்த வேகத்தில் 17,000 கிலோ மீட்டரை எட்டு மணி நேரத்தில் கடக்க வேண்டும் அல்லவா? ஆனால் 1985 பிப்ரவரியில் அது இலண்டனிலிருந்து சிட்னிக்கு வந்து சேர 17 மணி 4 நிமிடம் ஆயிற்று. ஏனெனில் ஒரு முறை எண்ணெய் நிரப்பினால் அது ஏறக்குறைய 7,000 கிலோ மீட்டரே செல்லும். ஆகவே வழியில் இறங்கி இறங்கி எண்ணெய் நிரப்ப வேண்டும். மேலும் மக்கள் வாழும் நிலப்பகுதிகளின் மேல் அது பேரொலி எழுப்பும் என்பதால் அங்கெல்லாம் அதன் முழு வேகத்தில் பறக்கவும் முடியாது. அதன் வேகத்தில் பாதிகூட இல்லாத விமானம், எங்கும் நில்லாமல் பறந்து 19 மணி 19 நிமிடத்தில் வந்துவிட்டது! முயலும் ஆமையும் ஓடிய கதை நமக்கு நினைவு வருகிறதல்லவா?

எண்ணெய் என்னும் கட்டுச்சோறு

அப்படியானால் எல்லா விமானங்களும் நில்லாமல் பறக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். பத்து நாள் நடைப்பயணம் போகிறவன் பத்து நாளைக்குக் கட்டுச்சோறு சுமக்க வேண்டும். மூட்டை பெரிதானால் களைப்பு மிகுதி. களைப்பு மிகுந்தால் பசி மிகுதி. ஆகவே இன்னும் பெரிய மூட்டை வேண்டும். விமானமும் அப்படியே. எண்ணெயைச் சுமப்பதற்கே எண்ணெய் செலவாகிறது.

1989 ஆகஸ்ட் 17ஆம் நாள், ‘சிட்டி ஆஃப் கான்பெரா’ என்ற பெயருடைய போயிங் 747-400 விமானம், முதன்முதலாக இலண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் நில்லாமல் பறந்தது. ஏறக்குறைய 18,000 கிலோ மீட்டர். 20 மணி 9 நிமிடம் 5 விநாடி. நூற்றுக்கணக்கானோர் அமரக்கூடிய அவ்விமானத்தில் மிகச் சிலரே இருந்தார்கள். அதற்கென்றே அடர்த்தி மிகுந்த எரிபொருள் 180 டன்னுக்கு மேல் நிரப்பினார்கள். ஓடுபாதை வரை விமானத்தை ஒரு வண்டி கட்டி இழுத்துச் சென்றார்கள். அந்தச் சிறு தூரத்திற்குக்கூட எண்ணெயைச் செலவழிக்க மனமில்லை! அதே விமானம் 2015இல் தன் கடைசிப் பயணமாக, சிட்னியிலிருந்து பக்கத்திலுள்ள அருங்காட்சியகத்திற்குக் கால் மணி நேரம்போலப் பறந்து ஓய்வு பெற்றது.

2018 மார்ச் முதல், பெர்த்துக்கும் இலண்டனுக்கும் இடையே நில்லாமல் செல்லும் பயணிகள் விமானம் தொடங்கியது. தூரம் ஏறக்குறைய 14,500 கிலோ மீட்டர். நேரம் பதினேழு மணிக்கு மேல். 2019 நவம்பரில் ‘போயிங் 787-9’ விமானம், சோதனையாக இலண்டன் – சிட்னி 17,800 கிலோ மீட்டரை நில்லாமல் கடந்தது. அதிலும் ஏறக்குறைய ஐம்பது பேர்தான். நெடுநேரப் பயணம் மனித உடலை என்ன செய்கிறது என்று அவர்களை ஆராய்ந்தார்கள்.

2022இல் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம், இவ்வழியில் பயணிகளை நில்லாமல் கொண்டுசெல்ல ‘ஏர்பஸ் ஏ350-1000’ வகையில் 12 விமானங்களுக்கு ஆணை தந்தது. 22 மணி நேரம் வரை பறக்கும் ஆற்றலுக்காக, 20,000 லிட்டர் கொள்ளும் கூடுதல் எண்ணெய்த் தொட்டி. முந்நூறுக்கும் மேல் அமரக்கூடிய விமானத்தில் 238 இருக்கைகள் மட்டும். இத்திட்டத்திற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சூரியோதயத் திட்டம்’. கொக்கல ஏரியிலிருந்து பறந்தவர்களின் நினைவாகவே அப்பெயர்.

கடிகாரம் காட்டும் வேடிக்கை

வெளிநாட்டில் வேலை செய்யும் மகனோ மகளோ ஊருக்கு வரும்போது, பயணச்சீட்டில் உள்ள நேரத்தைப் பார்த்துப் பெற்றோர் குழம்புவதுண்டு. புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி. சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி அச்சிடப்படுவதே அதற்குக் காரணம். மேலே சொன்ன 2019ஆம் ஆண்டுப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம்.

விமானம் இலண்டனில் வியாழக்கிழமை காலை 6.09க்குப் புறப்பட்டது. சிட்னியில் வெள்ளிக்கிழமை பகல் 12.28க்கு இறங்கியது. அப்படியே கழித்தால் 30 மணி 19 நிமிடம் வருகிறது. ஆனால் நவம்பர் மாதத்தில் சிட்னிக் கடிகாரம் இலண்டன் கடிகாரத்தைவிடப் 11 மணி நேரம் முந்தியது. அதைக் கழித்தால் 19 மணி 19 நிமிடம்.

இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு நேரங்களையும் நம் வீட்டுக் கடிகாரத்திற்கு மாற்றிவிடுங்கள். விமானம் புறப்பட்டபோது நம் நாட்டில் வியாழன் பகல் 11.39. இறங்கியபோது நம் நாட்டில் வெள்ளி காலை 6.58. இப்போது கழித்தால் அதே 19 மணி 19 நிமிடம். எந்த இரு ஊர்களுக்கும் இம்முறை பொருந்தும். விடியுமுன் இலண்டனை விட்டு, மறுநாள் நண்பகலில் சிட்னியில் இறங்கிய அப்பயணிகளும் இரண்டு சூரியோதயங்களைக் கண்டார்கள்.

முடிவுரை

தோழியரே, இப்போது நம் முதல் கேள்விக்கு விடை சொல்லலாம். உலகம் சுருங்கவில்லை. இலண்டனுக்கும் சிட்னிக்கும் இடையேயுள்ள மலையும் பாலையும் கடலும் அப்படியே இருக்கின்றன. அவற்றின் மேல் நில்லாமல் செல்லும் ஆற்றலை மனிதர் சிறுகச் சிறுகப் பெற்றார்கள். அந்த ஆற்றலுக்கு விலையும் கொடுத்தார்கள். 1919இல் நால்வரின் உயிர் அதில் சேர்ந்தது. ரங்கூன் பள்ளத்தில் ஏமி ஜான்சன் இழந்த நாட்களும் அதில் சேர்ந்தவையே.

இன்றும் விலை உண்டு. விமான எரிபொருள் ஒரு கிலோ எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கரியமில வாயு காற்றில் கலந்து பூமியைச் சூடாக்குகிறது. வழியில் ஒரு முறை இறங்கி எண்ணெய் நிரப்பினால் சில மணி நேரம் கூடும்; ஆனால் எண்ணெயைச் சுமக்க எண்ணெயை எரிப்பது குறையும். இவற்றில் எது மேல்? நோயுற்ற தாயைக் காண ஓடிவரும் மகளுக்கு ஒவ்வொரு மணியும் பெரிது. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு நான்கு மணி நேரம் கூடினால் என்ன குறைந்துவிடும்? இதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி எவரேனும் “அந்த ஊர் எவ்வளவு தூரம்?” என்று கேட்டால், கிலோ மீட்டரை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எத்தனை மணி நேரம், எத்தனை இடத்தில் நிற்க வேண்டும், எவ்வளவு எரிபொருள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். விடுமுறை நாளில் பூகோள உருண்டையையும் ஒரு முழம் நூலையும் எடுத்து வைத்துக்கொண்டு, நீங்கள் பார்க்க விரும்பும் ஊருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூல் எந்தெந்த நாடுகளின் மேல் செல்கிறதென்று எழுதி வைத்துக்கொள்ள மறவாதீர்கள்.